நாங்க சாப்பிடுறதுதான்

திண்டுக்கல்லில் நாய்க்கு முடியவில்லை என்றால் இன்றைக்கும் ‘மாட்டாஸ்பத்திரி’க்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். பெயரிலேயே நாய்க்கு இடமில்லை. சினை ஊசிக்கு வந்த பசுவுக்கும் வயிறு உப்பிய ஆட்டுக்கும் பின்னால், சங்கிலியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வரிசையில் நிற்போம். முறை வந்ததும் டாக்டர் கேட்பார்: “என்ன சாப்பாடு போடுறீங்க?” நாகல்நகர்க்காரர், பேகம்பூர்க்காரர், சின்னாளபட்டியிலிருந்து கட்டைப்பையில் பூனையை வைத்து பஸ் ஏறி வந்த அக்கா, யாரானாலும் பதில் ஒன்றுதான்.

“நாங்க சாப்பிடுறதுதான் சார்.”

இதைச் சொல்லும்போது நம் குரலில் ஒரு பெருமை தட்டும். வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், நமக்கு ஒன்று அதற்கு ஒன்று என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். டாக்டரும் தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுப்பார். பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். சாப்பாட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வரி பொய். நாம் சாப்பிடுவதை நாய்க்குப் போட்டதே இல்லை. சாப்பிட்டு மீந்ததைப் போட்டோம். நம் தட்டில் சோறும் பருப்பும் முட்டையும் கறியும் இருந்தன. முட்டையும் கறியும் மீந்ததாக எந்த வீட்டிலும் சரித்திரம் கிடையாது. மீந்தது சோறு, அதன் மேல் ஊற்றிய ரசம், குழம்புச் சட்டியைக் கழுவிய தண்ணீர், சப்பிப் போட்ட எலும்பு. நேற்று வைத்த குழம்பை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, “நாய்க்கு ஊத்திரு” என்று சொன்ன வாய் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. கெட்டுப்போனது நமக்கு ஆகாது, நாய்க்கு ஆகும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

“அந்தக் காலத்து நாயெல்லாம் இதத் தின்னுதான வளந்துச்சு” என்று உடனே தாத்தா காலத்துக்குள் போய் ஒளிந்துகொள்வோம். அந்த நாயை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். வடமதுரை, வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் கிடந்த நாய்க்கு நாம் ஊற்றியது கம்பங்கூழும் நீச்சத்தண்ணியும்தான். ஆனால் அதை நாம் கட்டிப்போடவில்லை. விடிவதற்குள் அது வரப்பைத் தோண்டி வெள்ளெலி பிடித்துத் தின்றிருக்கும். ஓணான், வெட்டுக்கிளி, ஆடு ஈன்ற நஞ்சுக்கொடி, செத்துப் பிறந்த குட்டி. சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டும், ஊர்ப்புறத்தில் மனிதர் ஒதுங்கிய இடத்தையும் அது விட்டுவைக்கவில்லை. நம் கூழ் அதற்கு அரை வயிறு. மறு அரையை அது தானே தேடிக்கொண்டது. புரதம், கொழுப்பு, எலும்புச் சத்து எல்லாம் அந்த மறு அரையில்தான் இருந்தன.

பிறகு நாம் காம்பவுண்டு சுவர் எழுப்பினோம், கிரில் கேட் போட்டோம், “ஊர் மேயுது” என்று சங்கிலி வாங்கினோம். வெள்ளெலிக்குப் போகிற பாதை அடைபட்டது. தட்டு மட்டும் மாறவில்லை. அதே நசுங்கிய அலுமினியத் தட்டு, அதே ரசஞ்சோறு.

பூனைக்கு நாம் செய்தது இன்னும் மோசம். நெல்லும் கம்பும் மூட்டையாய் வீட்டுக்குள் கிடந்த நாளில் பூனைக்கு வீடே வேட்டைக்காடு. நாம் கொடுத்த பால் சும்மா ஒரு மரியாதை, சாப்பாடு எலிதான். மூட்டை போய் ஐந்து கிலோ அரிசிப் பை வந்தது, ஓட்டுக்கூரை போய் கான்கிரீட் தளம் வந்தது, எலி போனது. அந்த மரியாதைப் பால் முழுச் சாப்பாடாகிவிட்டது. ஓர் உயிர் தன் உணவில் முக்கால் பங்கை இழந்ததை நாம் கவனிக்கவே இல்லை. “நம்ம பூன சைவம், தயிர்ச்சோறுதான் தின்னும்” என்று வந்தவர்களிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டோம்.

பூனை சைவமாக முடியாது. அதன் பிறவி அப்படி. டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பும் நாய் உடம்பும் அதை ஓரளவு தாமே செய்துகொள்ளும். பூனைக்கு அது போதுமான அளவு கைவராது. மாமிசத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அது இல்லாத பூனைக்கு விழித்திரை கெட்டுக் கண் போகும் என்று 1975-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவர், இதயம் வீங்கித் தளர்ந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டு, அதைக் கொடுத்தே தேற்றினார். அந்தப் பூனைகள் தின்றது தயிர்ச்சோறு அல்ல, கடையில் விற்ற பூனைத் தீவனம். கம்பெனிகள் அதற்குப் பிறகே டாரினைக் கூட்டின. தீவனம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களே அப்படித் தவறியிருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஆறுதல் தேட வேண்டாம். அவர்கள் திருத்திக்கொண்டு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

எங்கள் வீட்டில் மீனா என்று ஒரு பூனை இருந்தது. ஐந்து வயதிருக்கும்போது ராத்திரியில் கட்டில் காலில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பரணிலிருந்து குதிக்கும் முன் நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டே நிற்கும். “வயசாயிருச்சு” என்றோம். ஐந்து வயதுப் பூனைக்கு! கண்மணி எப்போதும் பெரிதாய் விரிந்து பளபளத்ததைப் பார்த்து அழகு என்று போட்டோ வேறு எடுத்தோம். அதற்கு அன்றாடம் கிடைத்தது பாலும் சோறும், ஞாயிற்றுக்கிழமை மீன் அலசிய தண்ணீரும். எந்த டாக்டரிடமும் கொண்டு போகவில்லை. பூனையை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்களா என்பது அன்றைக்கு எங்கள் தெருவில் நியாயமான கேள்வி.

இதில் இன்னொன்று. பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு அதற்குப் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். நாம் பாலில் சர்க்கரை போட்டுக் கலக்கிய கலக்கலெல்லாம் வீண். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலே செரிக்காது. அது கழிந்து வைத்தால் துடைப்பத்தைத் தூக்கினோமே தவிர, பாலை நிறுத்தவில்லை.

மீன் போட்டவர்களும் முழுதாய்த் தப்பவில்லை. நம்மூருக்குக் கடல் தூரம்; குளத்திலும் அணையிலும் பிடித்த கெண்டைதான் மலிவு. பச்சைக் கெண்டையில் தையமின் என்கிற பி1 வைட்டமினைச் சிதைக்கிற பொருள் ஒன்று இருக்கிறது. பச்சையாகவே தின்று வருகிற பூனைக்கு நரம்பு தளர்ந்து தலை நெஞ்சில் கவிழும். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அந்தப் பொருள் செத்துவிடும். அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டுதான் இருந்தது.

நாய்ப் பேச்சுக்கு வருவோம். சோற்றை மட்டும் திட்டுவது இப்போது ஒரு நாகரிகம். நாய் ஓநாய் வம்சம், அதற்கு அரிசி விஷம் என்று செல்போனில் வருகிறது. அதை நம்பவேண்டியதில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013-ல் காட்டியது இது: மாவுச்சத்தைச் செரிக்கிற நொதிக்கான மரபணு ஓநாயில் 2 பிரதி, நாயில் 4 முதல் 30 வரை. மனிதன் விதைக்கத் தொடங்கியபோது நாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தானியத்துக்கு வயிற்றைப் பழக்கிக்கொண்டது. நமக்காக உடம்பையே மாற்றிக்கொண்ட ஜீவனுக்கு நாம் தட்டைக்கூட மாற்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சோறு குற்றமில்லை, சோறு மட்டுமே என்பது குற்றம். வளர்ந்த நாயின் உணவில், ஈரம் போக, நூற்றுக்குக் குறைந்தது 18 பங்கு புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வைத்திருக்கிற கணக்கு. குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் 22.5. பூனைக்கு 26, அதன் குட்டிக்கு 30. அரிசியில் இருப்பது 7, 8. ரசம் அதோடு எதையும் கூட்டாது. 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி என்று வைத்தால், அதை வெறும் சோற்றில் கொடுக்க அறுநூறு அறுநூற்றைம்பது கிராம் வேக வைத்த சோறு வேண்டும். வயிறு நிறையும், வாலும் ஆடும். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும்.

குட்டிகள் விஷயத்தில்தான் நம் அறியாமை எலும்பு வரை போயிற்று. தெருவில் கிடந்த குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்தன. பாலும் சோறும் ஊட்டினோம். மூன்றாம் மாதம் முன்னங்கால் வில்லாய் வளைந்தது. திண்ணையிலிருந்து குதித்ததும் எலும்பு முறிந்தது. சுண்ணாம்புச் சத்து கிடைக்காத உடம்பு, ரத்தத்துக்குத் தேவையானதைத் தன் எலும்பிலிருந்தே பெயர்த்து எடுக்கும். வெறும் சோற்றில் வளர்ந்தாலும் சரி, எலும்பில்லாத வெறும் கறியில் வளர்ந்தாலும் சரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் “காலை வெயில்ல போடுங்க, சரியாயிரும்” என்றார். மனிதக் குழந்தைக்கு அது நல்ல யோசனை. நாயின் தோலும் பூனையின் தோலும் வெயிலை வைத்துப் போதுமான டி வைட்டமின் செய்யாது. அதுவும் தின்கிற தீனியிலிருந்துதான் வர வேண்டும். வெயிலில் கிடந்த குட்டிக்குத் தாகம்தான் எடுத்தது.

அதே வாரம் நாம் ஆம்லெட் போட்ட முட்டைகளின் ஓடு ரோஜாச் செடிக்குப் போயிற்று. காயவைத்து இடித்த ஓட்டுத்தூள் ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ரோஜா நன்றாகவே பூத்தது.

உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்தவர்களும் நம்மில் உண்டு. டாபர்மேனும் ராட்வீலரும் வாங்கினவர்கள், மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் டானிக் பாட்டில் பாட்டிலாய் வாங்கி ஊற்றினார்கள். பெரிய சாதிக் குட்டிக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கோணும். நல்ல தீவனத்தின் மேல் டானிக்கும் சேர்ந்தால் நிச்சயம் மிஞ்சும். மருந்து என்றால் நமக்கு எப்போதுமே கூடுதலாய்த்தான் ஒரு கை.

இனி, இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே வாசம் வருகிற விஷயம். 1957-லிருந்து இந்த ஊருக்குப் பிரியாணிப் பெயர் சேர்ந்தது. சீரகச் சம்பாவும் கறியும் நமக்கு, எலும்பு நாய்க்கு என்று பங்கு பிரித்ததும் அன்றிலிருந்தே இருக்கும். நாய்க்கு எலும்பு போடுவதைக் கருணை என்றே நம்பினோம். வெந்த எலும்பு பச்சை எலும்பு மாதிரி இல்லை. உலர்ந்து, கடித்தால் ஊசி ஊசியாய்ப் பிளக்கும், கோழி எலும்பு சொல்லவே வேண்டாம். தொண்டையில் குத்தும், குடலைத் துளைக்கும், அரைபட்டுச் சுண்ணாம்புக் கட்டியாகி மலத்தை அடைக்கும். ஞாயிறு விருந்து, திங்கள் ஆஸ்பத்திரி. முக்கிக்கொண்டு நிற்கிற நாயைக் காட்டி “நேத்து நல்லாத்தான் சார் இருந்துச்சு, என்ன சாப்டுச்சுன்னே தெரியல” என்போம். தெரியும்.

எலும்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. வெங்காயம் தெரிவதில்லை. நம்மூர் சின்ன வெங்காயம் எங்கெங்கோ போகிறது; வெங்காயப் பேட்டையில் மூட்டை அவிழ்த்தால் தெருவே காந்தும். பிரியாணியில் அரைத்து ஊற்றியது, குழம்பில் கரைந்தது, சட்னியில் வதங்கியது என்று நம் மிச்சத்தில் வெங்காயமும் பூண்டும் இல்லாத பருக்கை கிடையாது. நாய் பூனை இரண்டுக்கும் அது ரத்தச் சிவப்பணுவை உடைக்கிற பொருள். வேகவைத்தாலும் காயவைத்தாலும் வீரியம் போகாது. பூனைக்கு எடையில் கிலோவுக்கு 5 கிராம் போதும். மூன்று கிலோ பூனைக்கு இரண்டு சின்ன வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம். நாய்க்குக் கிலோவுக்கு 15 கிராமிலிருந்து ஆபத்து. தின்ற அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகும். நாம் அதை மஞ்சள்காமாலை என்று தீர்மானித்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மோரில் கலந்து. அந்த வேளைக்குப் போட்ட சோற்றிலும் வெங்காயக் குழம்பு இருந்தது. சிறுமலை அடிவாரத்துப் பன்னீர் திராட்சையும் இந்தக் கணக்கில்தான் வரும். பிள்ளைகள் ஆளுக்கொன்றாய் நாய் வாயில் போட்டு விளையாடுகிற அந்தப் பழம், சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும்.

கறிக்கடை வாசலையும் விடக் கூடாது. ஆடு அறுக்கையில் நுரையீரலிலோ ஈரலிலோ நீர்க்கட்டி தெரிந்தால் அதை அறுத்து நாய்க்கு எறிவது வழக்கம். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள். பச்சையாய்த் தின்ற நாயின் குடலில் அது வளர்ந்து முட்டையிடும். நாயின் கழிவு வழியாய் ஆட்டுக்கும் நம் பிள்ளைகளுக்கும் வரும். மனிதர் ஈரலில் அதே கட்டி வந்தால் வயிற்றைக் கீறி எடுக்க வேண்டியும் வரலாம். நாய்க்கென்று எறிந்தது நம் வீட்டுக்கே திரும்புகிற வழி இது.

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் சொர்ண ஆகர்ஷண பைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியன்று கூட்டம் நெரியும். பெருமாள் கோயிலில் பைரவர், அதுவே ஒரு விசேஷம். கடன் தீரவும் காசு சேரவும் வேண்டிக்கொண்டு வெளியே வந்த கையோடு, வாகனமாயிற்றே என்று நாய்க்கு பிஸ்கட் போடுவோம். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவோம். மைதா, சர்க்கரை, பாமாயில். 1860-ல் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் நாய்க்கென்று முதன்முதலாக பிஸ்கட் செய்து விற்றபோது கோதுமையோடு மாமிசத்தையும் சேர்த்தார். நாம் செய்கிறது பரிகாரம். உண்கிற வாய்க்கு ஏற்றதா என்ற கேள்வியே அதில் எழாது. அஷ்டமியன்று அந்த நாய்களுக்கு வயிறு கொள்ளாத பிஸ்கட். நவமியன்று அவை அதே வாசலில் நிற்கும். நாம் வட்டி கட்டப் போயிருப்போம்.

தெருநாய்க்கு எங்கே, எப்போது சோறு வைப்பது என்பதைக் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்து இடம் குறிக்க வேண்டும் என்று 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. எங்கள் தெருவில் உள்ள ஒரே சங்கம் விநாயகர் சதுர்த்திக் கமிட்டி. அதற்கு அஜெண்டாவில் வேறு வேலை இருக்கிறது.

பட்டினி போட்டது ஒரு புறக்கணிப்பு என்றால் பாசத்தால் ஊதவைத்தது மற்றொன்று. மாடியில் லேப்ரடார் வளர்க்கிற வீடுகள் இப்போது ஆர்.எம். காலனி முழுக்க. காலையில் இட்லி, பதினொரு மணிக்கு பிஸ்கட், மதியம் சோறு, சாயந்திரம் வடை, ராத்திரி “பாவம், பாக்குதே” என்று சப்பாத்தி. அந்தப் பார்வைக்கும் ஒரு காரணம் உண்டு: லேப்ரடார் நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்குவதைச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அது சாப்பிடச் சாப்பிடப் பசியோடுதான் பார்க்கும். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதில் கால் பங்கைக் குறைத்து மற்றதற்குப் போட்டு வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. குறைத்துத் தின்றவற்றின் நடுவாந்திர ஆயுள் 13 வருடம். மற்றவை 11.2. ஏறக்குறைய இரண்டு வருடத்தை நாம் வடையாகவும் சப்பாத்தியாகவும் ஊட்டித் தீர்த்திருக்கிறோம். ஒன்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் நின்ற நாயைத் தூக்க முடியாமல் நின்ற அந்த வீட்டு அண்ணன் “மூட்டு வலி, பரம்பர” என்றார். அவருக்கும் உண்டு.

உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கம் 2011-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. காய்ச்சல், நாடி, மூச்சு, வலி நான்கையும் பார்ப்பதுபோல ஒவ்வொரு முறையும் ஐந்தாவதாக உணவையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். விலாவில் கையை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், துருத்தக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இதற்கு ஸ்கேன் வேண்டாம், விரல் போதும். டாக்டர்கள் இதைச் செய்வதில்லை என்று பழி போட எனக்கு மனம் வரவில்லை. கேட்கிற ஒரு கேள்விக்கே நாம் உண்மை சொல்வதில்லை. “பால் நிப்பாட்டுங்க” என்றால் “சரிங்க சார்” என்போம். வாசல் தாண்டியதும் “இவருக்கு என்ன தெரியும், பால் குடிக்காம பூன இருக்குமா” என்போம். முட்டை போடச் சொன்னால் விலையைக் கணக்குப் பார்ப்போம். இரண்டு நாளில் பெட்டிக்கடையில் செலவாகிற காசு அது.

வீட்டில் சமைத்தே சரியாகப் போட்டுவிடலாம் என்று கிளம்புவதும் அவ்வளவு லேசில்லை. டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013-ல் நாய்க்கென்று எழுதப்பட்ட 200 சமையல் குறிப்புகளை அலசினார்கள். நூற்றுக்கு 95-ல் ஏதாவது ஒரு சத்து குறைந்தது. அவை எழுதிவைத்த குறிப்புகள். நம் ரசஞ்சோற்றுக்குக் குறிப்பே கிடையாது. சோற்றில் பாதியைக் குறைத்து முட்டையோ வேகவைத்த கோழியோ சேர்ப்பது, தாளிக்கும் முன், வெங்காயம் போடும் முன் அதன் பங்கை எடுத்து வைத்துவிடுவது, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் பூசணி, ஓட்டுத்தூள் எவ்வளவு என்று டாக்டரிடம் எடை சொல்லிக் கேட்டுக்கொள்வது. இப்போதைக்கு எங்கள் வீட்டில் நடப்பது இவ்வளவுதான். எடுத்து வைப்பதுதான் பெரிய மாற்றம். முதன்முறையாக நாய்ப் பங்கு சட்டியின் அடியிலிருந்து வராமல் மேலிருந்து வருகிறது. அம்மாவுக்கு இன்னும் ஒப்பவில்லை: “நாம சாப்பிடுறதுக்கு முந்தி நாய்க்கு எடுத்து வைக்கிறதா?”

எடை என்றதும்தான் விழித்தோம். எங்கள் நாய் மணிக்கு என்ன எடை என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் டாக்டர் பார்வையாலேயே “ஒரு பதினஞ்சு இருக்குமா?” என்பார், நாமும் “இருக்கும் சார்” என்போம். ஊசி அந்தக் கணக்கில்தான் ஏறியது. கிராம் சுத்தமாய் வெங்காயம் நிறுக்கிற ஊரில் எட்டு வருடம் ஒரு நாயை நிறுத்துப் பார்க்கவில்லை.

பேட்டையில் தெரிந்த கமிஷன் மண்டி ஒன்றுக்கு மத்தியானம், ஏலம் முடிந்து ஆள் ஓய்ந்த நேரத்தில் கூட்டிப்போனோம். எலெக்ட்ரானிக் தராசுத் தட்டில் உதிர்ந்த தோலைக் கையால் தள்ளிவிட்டு, எடை போடுகிற தம்பி மணியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“சங்கிலியக் கழட்டிருங்கண்ணே. எடையில சேந்துரும்.”

கழற்றினோம். மணி தட்டின் மேல் உட்கார்ந்து காதை மடக்கிக்கொண்டது. எண் ஆடி ஆடி நின்றது: 11.400. தம்பி பழக்கதோஷத்தில் துண்டுச்சீட்டைக் கிழித்து எடையைக் குறித்தார். சரக்கு என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

“பேரு என்னண்ணே?”